தண்ணீர் ஒட்டாத இறக்கையில் பனிக்கட்டி ஒட்டுமா?

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்தே தீரும் என்றில்லை. உறையத் தொடங்க ஒரு தூசியோ பரப்போ வேண்டும். அது கிடைக்காத மேகத்துளிகள் மைனஸ் 20 டிகிரியிலும் திரவமாகவே மிதக்கும். அந்த மேகத்துக்குள் விமானம் நுழைந்தால், அந்தத் துளிகள் இறக்கையின் முன்விளிம்பில் மோதிய கணமே உறைய ஆரம்பிக்கும்.

ஆபத்து என்றால் பலரும் பனிக்கட்டியின் எடையைத்தான் நினைப்பார்கள். உண்மையில் பெரிய ஆபத்து இறக்கையின் வடிவம் கெடுவது. மெல்லிய சொரசொரப்புகூடத் தூக்குவிசையைக் குறைத்துவிடும். 1994இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஏடிஆர் 72 ரகப் பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 68 பேர் இறந்தார்கள். பனியை உடைக்க ஊதிப் பெருக்கும் ரப்பர் பைகள் அதன் முன்விளிம்பில் இருந்தன. பனிக்கட்டி அவற்றுக்குப் பின்னால் வரப்பு கட்டியிருந்தது.

சரி, தண்ணீரையே ஒட்டவிடாமல் செய்தால்? தாமரை இலையில் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருக்கின்றன. மேடுகளுக்கிடையே காற்று சிக்கியிருப்பதால் துளி நுனிகளில் மட்டும் உட்காரும், உருண்டு ஓடிவிடும். இதே அமைப்புள்ள மேல்பூச்சில் விழும் துளி சில மில்லிவினாடிகளில் எகிறிப் போய்விடும். உறைய அவகாசமே இல்லை.

ஆய்வகத்தில் மெதுவாக விழும் துளிக்கு இது அருமையாக வேலை செய்கிறது. விமான வேகத்தில் மோதும் துளியோ காற்றை வெளியேற்றிவிட்டு மேடுகளுக்கிடையே புகுந்துவிடும். அதைவிட மோசம் ஈரப்பதம். நீராவி அந்த இடுக்குகளுக்குள்ளேயே உறைபனியாகப் படியும். அப்புறம் வளரும் பனிக்கட்டிக்கு அதே மேடுகள் பிடிமானமாகி, வழவழப்பான உலோகத்தைவிட இறுக்கமாகவும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை விரட்டும் பரப்பெல்லாம் பனிக்கட்டியையும் விரட்டும் என்ற விளம்பரங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

2011இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழு வேறு வழி காட்டியது: பூச்சி தின்னும் குடுவைச் செடியின் வழுக்கும் விளிம்பைப் பார்த்து, நுண்துளைகளில் எண்ணெய் போன்ற திரவத்தை நிரப்பிய பரப்பு. பனிக்கட்டி இதில் லேசாகத்தான் ஒட்டும். ஆனால் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்.

எனக்கு நம்பிக்கை தருவது சூடும் பூச்சும் சேரும் கூட்டணிதான். பெரும்பாலான ஜெட் விமானங்கள் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுத்து முன்விளிம்பைச் சூடாக்குகின்றன. போயிங் 787 மின்சாரத்தால் சூடாக்குகிறது. இரண்டுக்குமே எஞ்சினின் சக்தி செலவாகும். போதாக்குறைக்கு, உருகிய நீர் பின்னால் வழிந்து சூடில்லாத இடத்தில் மறுபடி உறையலாம். முன்விளிம்பில் நீர்விலக்குப் பூச்சும் இருந்தால், உருகிய நீர் பரவாமல் துளியாகத் திரண்டு காற்றோடு பறந்துவிடும். குறைந்த சூடே போதும்.

மிச்சமிருக்கும் தலைவலி தேய்மானம். மழை, மணல், பூச்சிகள் எல்லாம் நேராக வந்து மோதுவது அதே முன்விளிம்பில்தான். நுண்ணிய மேடுகள் அங்கே அதிக நாள் தாங்குவதில்லை.