எந்தத் தீவு? மாலத்தீவு போகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

திருநெல்வேலியில் எங்கள் கிளினிக்கிற்கு முன்பெல்லாம் மாலத்தீவு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், அங்கே வேலைக்குப் போகிற டீச்சர்களும் நர்ஸுகளும்தான். மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது கல்யாணம் முடிந்த கையோடு ஜோடியாக வருகிறார்கள், திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைநகர் மாலே என்பதால் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "டாக்டர், ஊசி ஏதாவது போடணுமா?" இதுதான் எல்லாரும் கேட்பது. நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தீவு?"

பாதிப் பேருக்குத் தெரியாது. போனில் ஹோட்டல் படத்தைக் காட்டுவார்கள். ஏர்போர்ட்டிலிருந்து அங்கே எப்படிப் போவீர்கள், ஸ்பீட்போட்டா, தண்ணீரில் இறங்கும் சீபிளேனா, எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. மாலத்தீவு என்பது ஏறக்குறைய 1,200 பவளத் தீவுகள், வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மக்கள் வாழும் ஊர்த் தீவுகள் 200கூடத் தேறாது. ரிசார்ட்டுகள் தனித்தனித் தீவுகளில் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மாலேயிலும் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயிலும்தான். மாலேயில் இந்திய உதவியோடு கட்டி 1995இல் திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை அரசுடையது, ஏ.டி.கே. தனியார். வெளித் தீவுகளில் சுகாதார நிலையங்களும், ஒவ்வொரு தீவுக்கூட்டத்துக்கும் சின்ன ஆஸ்பத்திரியும் உண்டு. நல்ல ரிசார்ட்டுகளில் டாக்டர் இருப்பார், சில இடங்களில் பக்கத்துத் தீவிலிருந்து வருவார். உள்ளூர் மக்கள் வாழும் தீவில் குறைந்த வாடகை கெஸ்ட் ஹவுஸ் என்றால் அந்த ஊர் சுகாதார நிலையம்தான் கதி.

இதில் முக்கியமான விஷயம், சீபிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் கடலைப் பார்த்து இறக்க வேண்டும், ஆகவே பொழுது சாய்ந்தால் நிறுத்திவிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் போட்டில்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளித்தால் போட்டும் தாமதமாகும். இங்கே பாளையங்கோட்டையில் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அந்தப் பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. பெரிய வைத்தியம் என்றால் மாலத்தீவுக்காரர்களே திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வருகிறார்கள். நாம் அங்கே உல்லாசத்துக்குப் போகிறோம், அவர்கள் இங்கே ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

அதனால் நான் யோசிப்பது தடுப்பூசியைப் பற்றி அல்ல. உங்களுக்கு ஒன்று ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் வரை உள்ள அந்த ஐந்தாறு மணி நேரத்தை உங்கள் பை தாங்குமா என்பதுதான்.

எங்களிடம் வழக்கமாக வரும் ஓர் அண்ணாச்சி, 60 தாண்டியவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், மகன் டிக்கெட் போட்டுக் கூட்டிப்போனார். இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அழகாக அடுக்கிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். சீபிளேனில் எடைக் கணக்கு கறார். ஆள் ஒரு விமானத்தில், பெட்டி அடுத்ததில் என்று வருவது அங்கே சகஜம். இவருடைய பெட்டி மறுநாள் காலையில்தான் வந்தது. அதுவரை ரிசார்ட்டின் வரவேற்பு விருந்தை நன்றாகவே சாப்பிட்டிருக்கிறார். "பழம்தானே டாக்டர்" என்றார் திரும்பி வந்து. நல்லவேளையாக அந்தத் தீவில் டாக்டர் இருந்தார்.

ஆகவே தினமும் சாப்பிடும் மருந்து முழுவதும் கைப்பையில், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. விமானத்தின் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு, அதற்காகவும் கையில்தான். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். மணலில் வெயிலில் கிடக்கும் பீச் பையில் தாங்காது. இதய நோய் உள்ளவர்கள் கடைசி ஈ.சி.ஜி.யைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் டாக்டருக்குப் பழைய ஈ.சி.ஜி. கிடைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மருந்துச் சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துப்போக வேண்டாம். போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமை. கோடீன் கலந்த இருமல் டானிக், டிராமடால் வலி மாத்திரை, தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் இவையெல்லாம் நம் ஊரில் வீட்டு அலமாரியில் உருளுகிற சாமான்கள். அவை கட்டாயம் தேவை என்றால் டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம், மருந்தின் பொதுப் பெயரோடு, அசல் அட்டையோடு இருக்க வேண்டும், முன் அனுமதி தேவையா என்றும் விசாரித்துவிட வேண்டும். வேப் சிகரெட்டையும் 2024 கடைசியில் தடை செய்துவிட்டார்கள், சுற்றுலாப் பயணிக்கும் விலக்கில்லை.

புதுப்பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசியில் கேட்பது ஒன்று உண்டு, பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை. வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் வந்து கேட்டால் பயனில்லை. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். கூடவே, சிறுநீர் எரிச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேனிலவில் அது அடிக்கடி வருவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் ஒரு காரணம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ என்னிடம் சொல்லிவிடுங்கள். கொசுவால் பரவி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ஜிகா அங்கே முன்பு பதிவாகியிருக்கிறது, அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

சரி, கடலுக்குள் இறங்குவோம். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபா செய்யப் போனால் முதலில் ஒரு படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, ஆபரேஷன் நடந்ததா, காதுப் பிரச்சினையா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். பணம் கட்டியாகிவிட்டது, மனைவி பக்கத்தில் நிற்கிறாள், எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு இறங்கிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை என்று என்னிடமே பெருமையாகச் சொன்னான். நான் திட்டினேன். ஆழத்தில் காற்று அழுத்தம் கூடி இருக்கும். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். மூச்சுக்குழல் சுருங்கி அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரல் கிழியும். அதற்கு முப்பது மீட்டர் ஆழம் வேண்டியதில்லை, சில மீட்டரே போதும். படிவத்தை ஊரிலேயே இறக்கி நிரப்பி என்னிடம் கொண்டு வந்தால் மூச்சுப் பரிசோதனை செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன், போகலாமா கூடாதா என்று.

பொழுதுபோக்கு டைவிங்குக்கு மாலத்தீவு விதித்திருக்கும் எல்லை 30 மீட்டர். கடைசி நாள் காலையில் டைவ் அடித்துவிட்டு மத்தியானம் விமானம் ஏறும் திட்டம் மட்டும் வேண்டாம், ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரே போனால் குமிழியாகிவிடும். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம், நான் சொல்வது ஒரு முழு நாள், தரையில் இருக்க வேண்டும். சீபிளேனும் இந்தக் கணக்கில் சேரும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுக்காதீர்கள். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை வைத்திருக்கும் தீவுகள் சில உண்டு, பாண்டோஸ் அதில் ஒன்று. உங்கள் தீவுக்குப் பக்கத்தில் எது என்று டைவிங் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் எனக்கு ஸ்கூபாவைவிட ஸ்னார்கெலிங்தான் பயம். ஸ்கூபாவுக்குப் படிவமும் ஆசிரியரும் உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது, கண்ணாடியும் குழாயும் வாடகைக்கு எடுத்துவிட்டு இறங்கிவிடலாம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்கள்கூட உப்புத் தண்ணீர் குழாயில் ஏறியதும் பதறிவிடுவார்கள். இடுப்பளவு தண்ணீர் என்று நடந்துகொண்டே போனால் பவளப்பாறை விளிம்பு திடீரென்று சுவர்போல் இறங்கும், அந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும். நீச்சல் தெரியாதவர்கள் லைப் ஜாக்கெட்டோடு, துணையோடு, கரைக்குப் பக்கத்திலேயே இருங்கள். குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

கல்மீனோ சிங்கமீனோ முள் குத்தினாலும், திருக்கை வால் அடித்தாலும் வலி உயிர் போகும். உடனே பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்குள், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை முக்கி வையுங்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் செயலிழக்கும். குத்துப்பட்ட கால் மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது, அதனால் நல்ல காலை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பவளம் கீறியது சின்னக் காயமாகத்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஒரு வாரத்தில் சீழ் பிடித்து நிற்கும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவித் துகளை எடுத்துவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போகுமுன் போட்டுக்கொள்ளுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ ஊசிகள் விருப்பம். மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களுக்குத் தேவையில்லை. வெறிநாய்க்கடிப் பயமும் இல்லை, அங்கே நாயே வளர்க்கக் கூடாது.

மீன் விஷயம் ஒன்று. மாலத்தீவு என்றால் சூரை, நம் தூத்துக்குடிக் கடையில் கிடைக்கும் மாசியே அந்தச் சூரையைக் காயவைத்ததுதான். பிடித்த சூரையை ஐஸில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் ஊறும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும். மீன் அலர்ஜி என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரைக்கே அடங்கும், மூச்சு முட்டினால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

கொசு. மலேரியா அங்கே இல்லை, 2015இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது, மாத்திரை வேண்டாம். டெங்கு உண்டு, பகலில் கடிக்கும் கொசு. "நமக்கு இங்கேயே வந்துவிட்டது டாக்டர்" என்பார்கள். வந்துவிட்டதுதான் பிரச்சினை. இன்னொரு வகை டெங்கு இரண்டாவது முறை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். கொசு விரட்டும் கிரீமை சன்ஸ்கிரீனுக்கு மேலே தடவ வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது விலையைப் பார்க்காமல் மூன்றை மட்டும் படியுங்கள். படகிலோ விமானத்திலோ அவசரமாக மாற்றும் செலவு உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா, ஸ்கூபாவுக்கு உண்டா. பல பாலிசிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் சின்ன எழுத்தில் 'இல்லை' என்று இருக்கும். ஆம்புலன்ஸுக்கு அங்கே 102, கடலோரக் காவலுக்கு 191.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடாதீர்கள். டைக்ளோபினாக், புரூபன், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். பார்க்கும் டாக்டரிடம் எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எந்தத் தீவு என்று அவரும் கேட்கலாம்.