மகரந்த உயிர்ப்புத்திறன்

ஆங்கிலத்தில் இதை 'போலன் வயபிலிட்டி' என்பார்கள். மகரந்தத் துகள் சூல்முடியில் விழுந்து, குழல் விட்டு, சூலைக் கருவுறச் செய்யும் அளவுக்கு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் பொருள்.

லத்தீனில் 'போலன்' என்றால் நுண்ணிய மாவு. 'வயபிலிட்டி' பிரெஞ்சின் 'வீ' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே வீ என்றால் உயிர். தமிழில் வீ என்றால் பூ! இரண்டுக்கும் உறவில்லை, ஆனாலும் இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. உயிர் என்ற இந்த வேரைக் கவனிக்காமல் 'வயபிலிட்டி'யைத் தமிழில் 'நம்பகத்தன்மை', 'சாத்தியக்கூறு' என்று எழுதினால் பூவை விட்டுவிட்டு வணிகத் திட்டத்தைப் பற்றிப் பேசுவதாகிவிடும்.

மகரந்தம் வடசொல், முதலில் பூந்தேனைக் குறித்தது. நம் இலக்கியத்தில் தாது என்ற சொல் உண்டு. அகநானூறு வண்டைத் 'தாதுண் பறவை' என்கிறது. தாது இன்று கனிமத்தையும் குறிப்பதால் 'பூந்தாது' என்றால் தெளிவு. மகரந்தம் பாடநூல்களில் ஊறிவிட்ட சொல், அதுவும் இருக்கட்டும்.

சரி, 'முளைப்புத்திறன்' என்றே சொல்லக்கூடாதா? அது வேறு. சர்க்கரையும் போரிக் அமிலமும் கலந்த ஊடகத்தில் துகள் குழல் விடுகிறதா என்று பார்ப்பது முளைப்பு. தானியப் பயிர்களின் மகரந்தம் பெரும்பாலும் அந்த ஊடகத்தில் சரியாக முளைக்காது; அதற்காக அது செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

சாயமேற்பதும் உயிர்ப்பு அல்ல. விரியப்போகும் நெல் பூவின் மகரந்தப்பையை அயோடின் துளியில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். மாவுச்சத்து நிறைந்த துகள்கள் உருண்டு திரண்டு கருப்பாகத் தெரியும். மலட்டுத் துகள்கள் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். வீரிய ஒட்டு நெல்லுக்கு ஆண்மலட்டுத் தாய் வரிசையை, அதாவது தன் மகரந்தம் மலடாக இருக்கும் தாய்ச் செடிகளைத் தேர்ந்தெடுக்க இதுவே கைகண்ட முறை. ஆனால் அயோடின் காட்டுவது மாவுச்சத்தை மட்டுமே. வெயிலில் செத்த துகளும் கருப்பாகத்தான் நிற்கும். ஆகவே வெப்பம் தாங்கும் இரகம் தேடுகிறவர் அயோடினை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார். உயிருள்ள துகளை மட்டும் ஒளிரச் செய்யும் ஃபுளோரசின் டைஅசிட்டேட் சோதனையை 1970-இல் தாவரவியலாளர்களான ஹெஸ்லப்-ஹாரிசன் இணையர் விவரித்தார்கள்.

அப்புறம், எந்தச் சோதனையானாலும் கை வேகமாக ஓட வேண்டும். உதிர்ந்த நெல் மகரந்தத்தின் உயிர்ப்பு சில நிமிடங்களிலேயே மங்கிவிடும்.