கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

2025 ஜூன் மாதம், கல்லூரி திறக்கிற நேரம். வீரவநல்லூரிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் பாளையங்கோட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். பையன் இரண்டாம் வருடம் படிக்கிறான். சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் அந்த அம்மாவின் பையில் இருந்தது. பையன் செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினான். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, விலை 549 டாலர், வேகம் அதே கம்பெனியின் பெரிய கார்டான 4090-க்குச் சமம் என்று அதில் இருந்தது.

"அண்ணாச்சி, இத மட்டும் போட்டுட்டா அஞ்சு வருசத்துக்கு கவலையே இல்ல."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "படிப்புக்கும் ஆகும்னு சொல்லுதான் தம்பி, நெசந்தானா?"

கார்டை எடுத்துக் கொடுத்து பில் போட்டிருக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவனுக்கு ஒன்று தெரியும். கார்டை மட்டும் வைத்து விலை நியாயமா என்று சொல்லவே முடியாது. அது எந்தக் கேபினெட்டுக்குள், அதாவது எந்தச் சிபியு பெட்டிக்குள் போகப்போகிறது என்று பார்க்க வேண்டும். நாளைக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வா என்றேன். மறுநாள் பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தான்.

திறந்து பார்த்தேன். ஐ5-9400எஃப் ப்ராசசர். 8 ஜிபி ரேம், அதுவும் ஒரே குச்சி. ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் 450 வாட் என்று ஸ்டிக்கர் சொன்னது, கையில் தூக்கினால் எடையே இல்லை, பெயர் தெரியாத கம்பெனி. 5070-க்கு என்விடியாவே 650 வாட் வேண்டும் என்கிறது. மானிட்டர் என்ன என்று கேட்டேன். 1080பி, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அறுபது படம். என்ன ஆடுவாய் என்று கேட்டேன். வேலரன்ட், அப்புறம் ஜிடிஏ 5.

அவன் கண் முன்னாலேயே வேலரன்ட்டை ஓட்டினேன். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் எண் 150-ஐ ஒட்டி ஏறி இறங்கியது. அந்தப் பழைய 1650 கார்டே நொடிக்கு நூற்றைம்பது படம் தயாரித்துக் கொடுக்கிறது, அவன் வீட்டு மானிட்டரோ அறுபதைத்தான் காட்டும். மிச்சம் அவன் கண்ணுக்கு வந்து சேரவே இல்லை. இந்த மாதிரி ஆட்டங்களில் பெரும்பாலும் வேகத்தை ப்ராசசர்தான் இழுத்துப் பிடிக்கும். அந்த ப்ராசசரை வைத்துக்கொண்டு 5070 போட்டிருந்தால் பாதி நேரம் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொரு 8 ஜிபி குச்சி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று என்று மாற்றிக் கொடுத்தேன். அன்றைய விலையில் இருபதாயிரத்துக்குள் முடிந்தது. மீதியை அந்த அம்மா எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

சரி, அந்த 549 டாலர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒரு பையனாவது இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறான். 2025 ஜனவரியில் லாஸ் வேகாசில் நடந்த சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்த விலை அது. அமெரிக்காவில் அறிவிக்கிற விலையில் வரி சேராது. அன்றைக்கு டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் 47,214 ரூபாய். நம் ஊர் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 55,700-ஐத் தாண்டும். இந்தியாவுக்கு என்விடியா அறிவித்தது 59,000. அதுவும் "இதிலிருந்து ஆரம்பம்" என்கிற விலைதான். கார்டைச் செய்து விற்பது வேறு வேறு கம்பெனிகள். மூன்று ஃபேன், கலர் லைட், இரும்புத் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். ஆரம்ப விலை மாடல் பல சமயம் முதல் நாளே தீர்ந்துவிடும், கடையில் மிஞ்சுவது மேலே இருக்கும் மாடல்தான். ஆகவே டாலர் விலையைப் பார்த்துக் கடைக்காரரை "ஏமாத்துறீங்க" என்று சண்டை போடுவதும் தப்பு, அந்த விலையை நம்பி வீட்டில் பணம் கேட்பதும் தப்பு.

4090-க்குச் சமம் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 4090 என்பது 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்த கார்டு. 24 ஜிபி மெமரி. 5070-இல் இருப்பது 12 ஜிபி. பிறகு எப்படிச் சமம்? டிஎல்எஸ்எஸ் 4 என்ற நுட்பத்தில் கார்டு நிஜமாக வரைகிற ஒரு படத்துக்கு மூன்று படம் வரைக்கும் கணித்து இடையில் சொருகும். நொடிக்கு 40 படம் வரைந்தால் திரையில் 160 என்று எண் காட்டும். பார்க்க வழுவழுவென்று இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. நன்றாக ஓடுகிற ஆட்டத்தில் அது நல்ல வசதி. ஆனால் மவுசை அழுத்தினால் பதில் சொல்வது நிஜப் படம்தான். கைக்குத் தெரிகிற தாமதம் நாற்பதுக்கு உரியது, அதைவிடக் கொஞ்சம் கூடவும் செய்யும். குறி பார்த்துச் சுடுகிற ஆட்டம் ஆடுகிறவனுக்கு அந்த 160 உதவாது. அதனால் எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் இந்தச் சொருகல் படங்களைச் சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமல் சொன்னதா என்று முதலில் தேடுங்கள்.

பெயரில் இருக்கிற குழப்பம் எனக்கு இதைவிட வருத்தம் தருவது. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 என்று ஒரே பெயரில் 6 ஜிபி கார்டும் 3 ஜிபி கார்டும் வந்தன. வித்தியாசம் மெமரி மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்தோம். 3 ஜிபி கார்டில் கணக்குப் போடுகிற கோர்களே குறைவு, 1,280-க்குப் பதில் 1,152. அது தெரியாமல் நானே ஒரு பையனுக்கு 3 ஜிபி கார்டை வாங்கச் சொன்னேன். இரண்டு வருடத்தில் புது ஆட்டங்களில் திணற ஆரம்பித்தது, அவன் திரும்ப வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்து பெட்டியின் முன்பக்கத்தை நான் நம்புவதில்லை.

அதே கதை இப்போதும் நடக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபியும் உண்டு, 2024-இல் வந்த 6 ஜிபியும் உண்டு, இரண்டாவது வேகத்திலும் குறைந்தது. 5060 டிஐ 2025 ஏப்ரலில் வந்தது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். இதில் கோர் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனாலும் ஐம்பது டாலரை மிச்சம் பிடிக்கிறவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள். இப்போதைய பெரிய ஆட்டங்களில் படத்தரத்தை ஏற்றினால் கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் மீதியை மதர்போர்டு வழியாகக் கம்ப்யூட்டரின் ரேமில் போய் எடுத்துவர வேண்டும். 5060 டிஐ அந்த வழியில் எட்டு லேன், அதாவது எட்டுத் தடம்தான் பயன்படுத்தும். புது போர்டில் சமாளித்துவிடும். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் ஓடுவது பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை வழி உள்ள போர்டு. அதில் எட்டு லேன் என்றால், திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு ஜங்ஷன் வண்டி எல்லாவற்றையும் மறுபக்கமே விட்ட மாதிரி. ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று விக்கும். பழைய போர்டு வைத்திருக்கிறவர்களுக்கு நான் என்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அது பதினாறு லேன், அறிவித்த விலையும் 349 டாலர். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் ஏஐ பாடத்துக்கோ பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்கோ சேர்த்து வாங்கினால் மட்டும் என்விடியா பக்கம் போகச் சொல்வேன், அந்த மென்பொருள்களில் பல என்விடியாவின் சொந்த குடா (CUDA) நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை. இன்டெல் ஆர்க் பி580 நல்ல கார்டு, 12 ஜிபிக்கு அறிவித்த 249 டாலர் நேர்மையான விலை. ஆனால் பழைய ப்ராசசரோடு அது ஒத்துப்போகாது. கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே தடவையில் எட்ட விடுகிற ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அதைப் போடவே வேண்டாம்.

விலை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் 130.5 பில்லியன் டாலர். அதில் ஏஐ சர்வர்களுக்கான டேட்டா சென்டர் பிரிவு மட்டும் 115.2 பில்லியன். கேமிங் சுமார் 11.4 பில்லியன், நூற்றுக்கு ஒன்பது பங்குகூட இல்லை. பெரிய ஆர்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எந்த வியாபாரியும் நிற்பான். மெமரி விஷயமும் அப்படியே. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியபோது, மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. கார்டிலும் மெமரிதானே இருக்கிறது.

அப்படியானால் புதுக் கார்டு வந்ததும் காத்திருக்கலாமா, உடனே வாங்கலாமா? பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கச் சொல்வேன். அதற்குள் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தவர்களின் அளவீடுகள் வந்துவிடும். 5060 கார்டு வந்த 2025 மே மாதத்தில் பல விமர்சகர்களுக்கு கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளே விற்பனை நாள்தான் கிடைத்தது, அதாவது முதல் நாள் வாங்கியவர்கள் சோதனை முடிவு பார்க்காமல் வாங்கினார்கள். ஆனாலும் பொறுப்பது எப்போதும் லாபம் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். 2020 செப்டம்பரில் 699 டாலருக்கு என்விடியாவின் 3080 கார்டு வந்தது. கிடைத்தவன் பிழைத்தான். பொறுத்திருந்தவர்கள் 2021 முழுக்க கிட்டத்தட்ட இருமடங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டு செத்துப்போய் வேலை நிற்கிறது என்றால் இன்றைக்கு இருப்பதில் பொருத்தமானதை வாங்குங்கள். இருப்பது ஓடுகிறது, ஆசைதான் காரணம் என்றால் பொறுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், மைனிங்கில், அதாவது அந்த நாணயத்தைச் சம்பாதிக்கிற கணக்கு வேலையில் ஓடிய கார்டுகள் கூடை கூடையாகச் சந்தைக்கு வந்தன. மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு கார்டைக் கொண்டுவந்தான். முகம் தெரியாத ஆளிடம் பில் இல்லாமல் வாங்கியது. பின்தகட்டைக் கழற்றினால் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டு முழுக்கப் பிசுபிசுவென்று இருந்தது. ஸ்க்ரூ மேல் இருக்க வேண்டிய ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. ஒரு ஃபேனை விரலால் தட்டினால் ஆடியது. மெமரி சிப் ஒன்று போய்விட்டது. பதினெட்டாயிரம் கொடுத்திருந்தான், அவன் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மைனிங் கார்டு எல்லாமே மோசம் என்று இல்லை, நன்றாகப் பராமரித்தவர்களும் உண்டு. ஆனால் பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல், கண் முன்னால் அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெயரை மாற்றி விற்கிற போலிகளும் உண்டு. 1050 டிஐ என்று சொல்லுவார்கள், உள்ளே 2010, 2011 காலத்துக் கார்டு இருக்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் போலி என்று பெரும்பாலும் பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும்.

நம் ஊருக்கென்று சில செலவுகளும் உண்டு. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வரும் கார்டுகளைத் திறந்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் தேரி மண் சிவப்பாக அப்பியிருக்கும். ஆடிக்காற்று முடிந்ததும் ஒரு தடவை ஊதிச் சுத்தம் செய்தாக வேண்டும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 250 வாட் கார்டு ஓடினால் அறையே அடுப்பு. கரண்ட் ஏறி இறங்குகிற கிராமத்தில் யுபிஎஸ் இல்லாமல் அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளை ஓட்டாதீர்கள். வாரண்டிக்குப் பெரும்பாலும் சென்னைக்கோ அதற்கு அப்பாலோ அனுப்ப வேண்டும், போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று பில் இல்லாத சரக்கை வாங்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. "ஜிடிஏ 6 வருதுல்லா அண்ணாச்சி, அதுக்கு இப்பவே ஒரு கார்டு போட்டு வச்சுருவோமா?" அந்த ஆட்டத்தை பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் என்ற டிவி கேம் பெட்டிகளுக்கு என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு வராத ஆட்டத்துக்கு இப்போதே கார்டு வாங்கி வைத்தால், வருகிற நாளில் அதே காசுக்கு இதைவிட நல்ல கார்டு கிடைக்கக்கூடும்.

என்னிடம் கேட்டாலும் சரி, வேறு கடையில் கேட்டாலும் சரி, கிளம்பும் முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர், மதர்போர்டில் இருக்கும் மாடல் பெயர், ரேம் எத்தனை குச்சி, கார்டு வைக்கிற இடத்தின் நீளம் ஸ்கேலோடு. மானிட்டர் மாடலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிபியுவைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் தூக்கிவரும் வேலை மிச்சம்.