அந்தக் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிற எங்கள் டயாலிசிஸ் வார்டுக்குக் காலை ஷிப்டில் ஒரு ஆச்சி வருவார். முக்கூடல் பக்கம், காலமெல்லாம் பீடி சுற்றியவர். கட்டிலில் ஏறுவதற்கு முன் இடது முழங்கைக்குக் கீழே வலது கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அவர் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறார். "ஓடுது சிஸ்டர், பூனை வயித்துல கை வச்ச மாதிரி குறுகுறுங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் எடை பார்க்கப் போவார்.

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கிற ஒரு சின்ன ஆபரேஷன். அதன் பிறகு அந்தச் சிரை தடித்து, ஊசி தாங்குகிற பக்குவத்துக்கு வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகும். அதனால் டயாலிசிஸ் தேவைப்படும் என்று டாக்டர் சொன்ன உடனேயே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நடப்பது வேறு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், பயத்தில் ஒரு வருஷம் யாரோ சொன்ன பொடியைக் கரைத்துக் குடிப்பார்கள், கடைசியில் ஒருநாள் ராத்திரி மூச்சு முட்டி ஆம்புலன்சில் வந்து இறங்குவார்கள். அப்புறம் டயாலிசிஸ் செய்யக் கழுத்துச் சிரையில் குழாய் போடுவதைத் தவிர வழியில்லை. உயிரைக் காப்பாற்றுகிற குழாய்தான், ஆனால் அது கிடக்கக் கிடக்கக் கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும். டயாலிசிஸ் நடக்கும்போதே நடுங்கிக் காய்ச்சல் கண்டவர்களை எத்தனையோ முறை போர்வை போர்த்திப் பிடித்திருக்கிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிஸ்டுலா நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவருக்கு வேறொரு இடத்தில் அதே கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, அதே கையில் ரத்தமும் எடுத்துவிட்டார்கள். அவரும் சங்கோஜப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார். மறுபடியும் கழுத்துக் குழாய். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லுங்கள்: "இந்தக் கையில வேண்டாம்." தண்ணீர்க் குடத்தை அந்தக் கையில் தூக்க வேண்டாம், அதன்மேல் தலைவைத்துத் தூங்க வேண்டாம், இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு தப்பு உண்டு. உடம்பில் தண்ணீர் தேங்கி எடை நாலு கிலோ ஏறி வந்தால் "தண்ணியைக் குறைங்கன்னு சொன்னோம்லா" என்று சத்தம் போடுகிறோம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தட்டில் இருக்கிறவரைக்கும் தாகம் எப்படி அடங்கும்? முதலில் உப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். வெயிலில் வந்தவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது நம்ம ஊர் மரியாதை, சரி. இவர்களுக்குக் கொடுக்காதீர்கள், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

கடையம், பாபநாசம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள் வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கிற வயிற்று வழி டயாலிசிஸ் தங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள்.

அந்த ஆச்சி ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். "சிஸ்டர், கை அமைதியாக் கிடக்கு." அடுத்த டயாலிசிஸ் நாள்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் நினைக்கவில்லை, அப்போதே காரைப் பிடித்து வந்துவிட்டார். ஃபிஸ்டுலாவை அடைத்திருந்த ரத்தக் கட்டியை எடுக்க முடிந்தது. மறுநாள் காலையில் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "இப்போ தொட்டுப் பாருங்க" என்றார்.