பழவேற்காட்டுச் சேறும் நண்டின் மஞ்சளும்

பழவேற்காடு ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில்தான் கிடக்கிறது. சூளூர்பேட்டைப் பக்கமிருந்து காளங்கி ஆறு, தமிழ்நாட்டுப் பக்கம் ஆரணியாறு, கூடவே பக்கிங்காம் கால்வாய் என்று மூன்று வழியிலும் வயல் மருந்தும் ஊர்க் கழிவும் வந்து சேரும். ஆனால் தண்ணீரை மொண்டு சோதித்தால் பல சமயம் பெரிதாக ஒன்றும் சிக்காது. காட்மியம், ஈயம் மாதிரி உலோகங்கள், பழைய டிடிடி பூச்சிமருந்து எல்லாம் நீரில் வெகுநேரம் நிற்பதில்லை, களிமண் துகளிலும் மக்கிய குப்பையிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மணலில் அவ்வளவாக ஒட்டாது.

காலை விட்டால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு இருக்கிறதே, அந்த நாற்றத்துக்குக் காரணமான சல்ஃபைடு ஒருவகையில் நல்லது செய்கிறது: உலோகத்தைப் பிடித்துக் கட்டி வைக்கிறது. புழுக்கள் வளை தோண்டி ஆக்சிஜனுள்ள நீரை உள்ளே இழுத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து, உலோகம் சேற்றிடுக்கு நீரில் கரைந்து செவுள், தோல் வழியாக அங்குள்ள உயிர்களின் உடம்புக்குள் போகும். அதனால் சேற்றில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் எதற்கும் உதவாது. புழு சேற்றையே தின்கிறது, குடல் நீரோ கரைப்பதில் ஏரி நீரைவிடக் கெட்டிக்காரன். உள்ளே வரும் வேகத்துக்கு வெளியே போகவில்லை என்றால் சேர வேண்டியதுதானே.

நண்டு காட்மியத்தை ஒரு புரதத்தோடு பிணைத்து, தனக்குக் கெடுதல் வராமல் செரிமானச் சுரப்பியில் போட்டு வைக்கிறது. ஓட்டைப் பிரித்ததும் தெரியும் மஞ்சள் கலந்த பழுப்புக் குழம்பு, கொழுப்பு என்று நாம் விரலால் வழித்து நக்குகிறோமே (நானும்தான்), அதுதான் அந்தச் சுரப்பி. ஐரோப்பிய ஒன்றியத்தின் காட்மிய வரம்பு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நண்டின் கால், கொடுக்குச் சதைக்குத்தான். இந்தக் குழம்பு அதில் வராது.

பாதரசம் வேறு ஜாதி. அதே கறுப்புச் சேற்றில் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்கினால் சதையிலேயே தங்கும், சின்னதைப் பெரியது தின்னத் தின்ன அளவும் ஏறும். டிடிடி கொழுப்பில் தங்கும். எண்ணெய்க் கழிவு வந்தாலோ மீனின் ஈரல் அந்த எண்ணெய் நஞ்சில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், மட்டிக்கு அந்தத் திறமை மிகக் குறைவு, அதனாலேயே ஆய்வுக்கு மட்டியைத் தேடுகிறார்கள்.

கழிவை இன்றைக்கே நிறுத்தினாலும் படிந்த சேறு வருடக்கணக்கில் நஞ்சைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முகத்துவாரத்தில் தூர்வாருவது பெரும்பாலும் மணல், அதில் பயம் குறைவு. கால்வாய்க் களியைக் கிண்டுவதென்றால் முதலில் அங்குள்ள புழுவையும் மட்டியையும் சோதித்துவிட்டு இயந்திரத்தை இறக்கட்டும்.