பாசிவ் ஸ்மோக்கிங்: எழுவாய் யார்?

ஒருவர் பற்றவைத்த பீடி, சிகரெட், சுருட்டின் புகையை அருகில் இருக்கும் இன்னொருவர் சுவாசிக்க நேர்வதற்கு ஆங்கிலத்தில் ‘பாசிவ் ஸ்மோக்கிங்’ என்று பெயர். தமிழில் மறைமுகப் புகைபிடித்தல், செயலற்ற புகைபிடித்தல், இரண்டாம் நிலைப் புகை என்று பல பெயர்கள் புழங்குகின்றன. ஒன்றும் சரியாக உட்காரவில்லை. சுவாசிப்பது இரண்டு வயதுக் குழந்தை என்றால் இவை பொருந்தாமல் போவதோடு நிற்பதில்லை. செய்தவரை விட்டுவிட்டுப் பட்டவர் தலையில் வினையை ஏற்றிவிடுகின்றன.

முதலில் மூலச்சொல். ஜெர்மன் மருத்துவர் ஃபிரிட்ஸ் லிக்கின்ட் 1930களில் ‘பாசிவ்ரௌஹென்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புகையிலையின் கேடுகளைப் பற்றி 1939இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல் ஒன்றை வெளியிட்டவர் அவர். ‘பாசிவ்’ என்பதன் வேர், பொறுத்துக்கொள்ளுதல், துன்பத்துக்கு உள்ளாதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். தமிழுக்கு இது புதிதல்ல. நம் செயப்பாட்டு வினை ‘படு’ என்ற துணைவினையால்தான் அமைகிறது. ‘படாத பாடு பட்டேன்’ என்பதிலும் அதே ‘படு’தான். ஆகவே அந்தச் சொல்லின் முன்பாதியில் குறையில்லை. சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. ‘புகைத்தல்’ என்றதுமே சுவாசிப்பவர் ஒருவகைப் புகைப்பவர் ஆகிவிடுகிறார். ‘செயலற்ற புகைபிடித்தல்’ என்ற மொழிபெயர்ப்போ, சோம்பலாகச் சாய்ந்துகொண்டு புகைப்பதைப் போல ஒலிக்கிறது.

‘இரண்டாம் நிலைப் புகை’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் நிலை என்றால் வீரியம் குறைந்தது, முதலாவதன் மிச்சம் என்று காது எடுத்துக்கொள்கிறது. நடப்பது வேறு. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே, விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து கிளம்புவது பக்கப்புகை. அறையில் சேரும் புகையில் சுமார் 85 விழுக்காடு இதுதான்; புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே ஊதுவது மிச்சம் 15 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இழுக்கும்போது நுனி கனன்று அதிக வெப்பத்தில் எரிகிறது. சும்மா இருக்கும்போது வெப்பம் குறைந்து அரைகுறையாக எரிவதால், எடைக்கு எடை பார்த்தால் பக்கப்புகையில்தான் நச்சு கூடுதல். ‘சிகரெட் குடிக்கிறார்’, ‘புகை பிடிக்கிறார்’ என்றெல்லாம் சொல்கிறோம். குடித்தது கொஞ்சம், பிடித்தது அதைவிடக் கொஞ்சம். பெரும்பகுதி அறைக்குப் போகிறது. அதில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன; சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை.

இந்த அறைப்புகை உயிரை வாங்கும் என்பதற்கு வலுவான தொடக்கச் சான்று ஜப்பானிலிருந்து வந்தது. தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர் 91,540 மணமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் யாரும் புகைத்ததில்லை. ஆனாலும் கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. 2011இல் வெளியான உலக அளவிலான கணக்கு ஒன்று, 2004ஆம் ஆண்டில் மட்டும் பிறர் புகையால் சுமார் 6,03,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அதில் 1,65,000 மரணங்கள், ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளைத் தாக்கும் நிமோனியா போன்ற மூச்சுத் தொற்றுகளால் நேர்ந்தவை. ஆஸ்துமா, நடுக்காதுச் சீழ், கைக்குழந்தைகளின் திடீர் மரணம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. மூச்சும் நம்மைவிட வேகம் என்பதால் உடல் எடைக்கு அது உள்ளே இழுக்கும் காற்று அதிகம்.

சரி, தமிழ் இதை எப்படிச் சொல்லும்? பழைய வழக்கம் ஒன்றே வழிகாட்டுகிறது. குளிப்பாட்டிய குழந்தையின் தலையை உலர்த்தச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் உண்டு. (குழந்தை மருத்துவர்கள் அதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள், அது தனிக் கதை.) ‘குழந்தைக்குச் சாம்பிராணி போட்டாச்சா?’, ‘தலைக்குப் புகை காட்டு’ என்றுதான் கேட்டிருக்கிறோம். ‘குழந்தை மறைமுகமாகச் சாம்பிராணி புகைக்கிறது’ என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. புகை போடுபவர் எழுவாய். குழந்தை நான்காம் வேற்றுமையில் நிற்கும். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதில் குழப்பமே இல்லை. சாம்பிராணிக்கு இருக்கும் இந்தத் தெளிவு சிகரெட்டுக்கு மட்டும் ஏன் கலைந்துபோக வேண்டும்?

பெயர் விஷயத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே கவனித்திருக்கிறது. அதன் 8ஆம் பிரிவுக்கான வழிகாட்டுதல்கள் 2007இல் பாங்காக்கில் ஏற்கப்பட்டன. ‘பாசிவ் ஸ்மோக்கிங்’, ‘விருப்பமின்றிப் புகைக்கு உள்ளாதல்’ போன்ற தொடர்களைத் தவிர்க்கச் சொல்கின்றன அவை. விருப்பமின்றி உள்ளாவது தவறு என்றால், விரும்பி உள்ளாவது சரி என்று புகையிலை நிறுவனங்கள் வாதிட அது இடம் கொடுத்துவிடுமாம். வழிகாட்டுதல்கள் பிரான்ஸின் அனுபவத்தை இதற்குச் சான்றாகக் காட்டுகின்றன. பெரியவர்கள் விஷயத்தில் அந்த வாதத்தை ஒரு பேச்சுக்காவது எடுத்துக்கொள்ளலாம். டீக்கடை பெஞ்சில் நண்பர் பற்றவைத்தால் எழுந்து போக எனக்குக் கால் இருக்கிறது, ‘அந்தப் பக்கம் போய் அடிப்பா’ என்று சொல்ல வாய் இருக்கிறது. மடியில் இருக்கும் குழந்தைக்கு இரண்டும் இல்லை. விருப்பம், விருப்பமின்மை என்ற பேச்சே அதனிடம் எடுபடாது.

இந்தியச் சட்டம் பொதுஇடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொதுஇடத்தில் புகைப்பதைச் சட்டவிரோதம் என்றது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை, அதாவது உயிர்வாழும் உரிமையைச் சுட்டித் தடை விதித்தது. 2003இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. ஆனால் இவையெல்லாம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. சொந்தக் காரும் அப்படியே. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் வாகனத்தில் புகைப்பது 2015 அக்டோபர் 1 முதல் குற்றம். நம்முடைய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. கையில் ஒரு பீடியைக் கொடுத்தால் குற்றம். பூட்டிய அறையில் பத்துப் பீடியின் புகையை மூக்கில் கொடுத்தால் அது குடும்ப விவகாரம்.

இதற்காகப் புகைக்கும் அப்பாக்களையெல்லாம் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. நிகோட்டின் பழக்கம் மனவுறுதிக்கு எளிதில் அடங்குவதல்ல. ஒற்றை அறை வீட்டில், இரவு இரண்டு மணிக்கு, தெருவுக்கு இறங்கிப் போவது எல்லோருக்கும் முடிகிற காரியமும் அல்ல. இருந்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். புகையை விட முடிகிறதா என்பது அவருடைய உடம்பின் கேள்வி. எங்கே நின்று புகைப்பது என்பது குழந்தையின் கேள்வி. இதற்கு அடிமைத்தனம் பதிலாகாது. ஜன்னலைத் திறந்தேன், மின்விசிறியைப் போட்டேன் என்பதும் செல்லாது. காற்றோட்டத்தால் புகைக்கு உள்ளாவதை முற்றிலும் நீக்க முடியாது, ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று 2006இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை சொல்லிவிட்டது.

இனி என் பரிந்துரை. அந்தப் புகைக்கு ‘பிறர் புகை’ போதும். உடன்படிக்கையின் வழிகாட்டுதல்களும் இதே பொருளில் ஒரு பெயரைக் குறிப்பிடுகின்றன. பெற்ற அப்பாவைப் ‘பிறர்’ என்பது சற்று உறுத்தும், உறுத்தட்டும். நடக்கும் செயலுக்குப் ‘புகைக்கு ஆளாக்குதல்’. ‘ஆளாக்கு’ பிறவினை என்பதால் ‘யார் ஆளாக்கியது?’ என்று உடனே கேட்கத் தோன்றும். மருத்துவச் செய்திகளில் வரும் ‘புகையிலைப் புகையின் வெளிப்பாடு’ என்பதை அறவே கைவிட வேண்டும். அதைப் படித்தால் புகை எங்கிருந்தோ தானாக வெளிப்பட்டது போலத்தான் தோன்றும். குழந்தை மேல் பட்டது என்பதே வராது.

கடைசியாக, இதன் தம்பி ஒன்று. சிகரெட்டை அணைத்த பிறகும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் சட்டையிலும் ஒட்டிக் கிடக்கும் நச்சுக்கு ‘மூன்றாங்கைப் புகை’ என்று பொருள்படும் பெயர் 2009இல் பாஸ்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜோனதன் வினிக்காஃபின் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பரவியது. தரையில் தவழ்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுக்கு இதுவும் தொல்லை. இதற்கு ‘புகைப்படிவு’ என்ற சொல் பொருந்தும். மூன்றாம் நிலை என்று வரிசை எண் போடத் தொடங்கினால், நான்காம் நிலையைத் தேடவும் ஆள் வந்துவிடுவார்கள்.