ஹெதர்: குறிஞ்சி அல்ல

பிரிட்டனில் மலை நடை போனவர்கள் எழுதுவதைத் தமிழில் கொண்டுவரும்போது ‘ஹெதர்’ என்ற இடத்தில் ‘குறிஞ்சி’ என்று போடக் கை துறுதுறுக்கும். சரிவு முழுக்க ஊதாப் பூ என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூப்பது. ஹெதர் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பூத்துவிடும். குடும்பமும் வேறு. உறவு தேடித்தான் ஆகவேண்டும் என்றால், நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுதான் (ரோடோடென்ட்ரான்) ஹெதரின் குடும்பம்.

ஹெதர் பெரும்பாலும் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும் குறுஞ்செடி. விறைப்பான தண்டு. செதில் போன்ற குட்டி இலைகள் அதில் நான்கு வரிசையாக ஒட்டியிருக்கும். தாவரப் பெயர் கல்லூனா வல்காரிஸ். ‘கல்லூனா’வின் வேர், பெருக்குதல், அழகாக்குதல் என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல். இந்தக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித்தான் அங்கே வீடு பெருக்கினார்கள். நம் விளக்குமாறும் அப்படி வந்ததே: விளக்குதல் என்றால் துலக்குதல், மாறு என்றால் குச்சி. பருத்திமாறில் இருப்பதும் அதே மாறுதான்.

‘ஹெதர்’ ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல். பழைய எழுத்தில் ‘ஹதிர்’, ‘ஹேடர்’ என்றெல்லாம் இருந்தது. புதர்நிலத்தைக் குறிக்கும் ‘ஹீத்’தின் சாயல் ஏறி, பிறகுதான் இன்றைய எழுத்துக்கு வந்தது. இதே செடிக்கு ‘லிங்’ என்றும் பெயர் உண்டு. அது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி தந்தது.

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் லாங் மிண்ட் என்றொரு நீண்ட மலை இருக்கிறது. ‘மிண்ட்’ வெல்ஷ் மொழியில் மலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ஆக, நெடுமலை. கார்டிங் மில் பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டி ஏறி, 516 மீட்டர் உயரமுள்ள போல் பேங்க் உச்சிவரை நிதானமாக நடக்கலாம். ஆகஸ்டில் போனால் இரண்டு ஊதா தெரியும். அடர்ந்த நிறத்தில் மணி மணியாகத் தொங்குவது பெல் ஹெதர். சில வாரம் முந்திப் பூப்பது. வெளிறிய ஊதாவில் மலையையே போர்த்தியிருப்பதுதான் நம் ஹெதர். காலடிச் சத்தத்தில் புதருக்குள்ளிருந்து குரௌஸ் பறவை படபடவென்று எழும். கொஞ்சம் திடுக்கிட வைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த நிலத்தை எப்படிச் சொல்வது? மேட்டில் இருந்தால் ‘மூர்’, தாழ்வில் இருந்தால் ‘ஹீத்’ என்பது பொதுவான வழக்கு. ‘தரிசு’ சரிப்படாது, ஆடு மேய்கிறது, தேனீப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ‘புல்வெளி’யும் இல்லை. ஹீத்துக்குப் ‘புதர்வெளி’, மூருக்கு ‘மேட்டுப் புதர்வெளி’ என்பது என் தேர்வு. செடியின் பெயரை மட்டும் தொடவேண்டாம். முதல் தடவை ‘ஹெதர்ச் செடி’ என்று சொல்லிவிட்டு, ‘ஹெதர் பூத்த குன்றுகளில் நாள் முழுக்க நடந்தோம்’ என்று எழுதினால் யாருக்கும் தடுக்காது.